அணுவிரதம் மட்டுமல்ல

ஆசிரியருக்கு,

சமணத்தின் தேராபந்தப் பிரிவுக்கு ஆசார்யராக, அதாவது தலைவராக, இருந்த துளசி பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரை 1949-இல் அவர் தொடங்கிய அணுவிரத இயக்கத்தோடு நின்றுவிட்டது. (இந்த 'அணு' அணுகுண்டு அல்ல, சிறியது என்று பொருள்; அணுவிரதம் என்றால் சிறு நோன்பு.) அதைவிடத் துணிச்சலானது 1980-இல் அவர் உருவாக்கிய சமணி (பாதித் துறவு ஏற்ற பெண்கள்) அமைப்பு.

தேராபந்தத் துறவிகள் வாகனம் ஏறமாட்டார்கள். சிற்றுயிர்கள் நசுங்கும் என்பதால் நடைதான். தமக்கென்று சமைத்த உணவையும் ஏற்கமாட்டார்கள். மழைக்காலம் நான்கு மாதம் ஒரே ஊரில் தங்கல். இந்த விதிகளோடு கடல் கடந்து சமயம் போதிப்பது எப்படி? முழுத் துறவியின் விதியைத் தளர்த்தினால் சங்கமே பிளந்திருக்கும். அதனால் இல்லறத்துக்கும் துறவுக்கும் நடுவே ஒரு படி வைத்தார்: பிரமச்சரியம் அப்படியே, பயணத்திலும் உணவிலும் மட்டும் விலக்கு. சமணிகள் வெளிநாடுகளில் பாடம் நடத்துவது இதனால்தான்.

22-ஆம் வயதில், 1936-இல் ஆசார்யரானவர், 1994-இல் தாமே பதவி விலகி, தம் வாரிசான மகாபிரக்ஞரை அமர்த்தினார். ஆயுள் முழுதும் ஒரே ஆசார்யர் என்பது அங்கே மரபு. 1997-இல் மறையும்போது அவர் பதவியில் இல்லை. கட்டுரையில் இதற்கு ஒரு வரிகூட இல்லாதது பெரிய குறை.

– ஒரு வாசகர்