எண்ணோடு துறையையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறன்று தங்கள் நாளிதழில் வெளிவந்த 'உலகின் தலைசிறந்த 2 சதவீத விஞ்ஞானிகள்' பற்றிய செய்தியில், மேற்கோள் எண்ணிக்கை (ஒருவரின் கட்டுரைகளைப் பிறர் தங்கள் கட்டுரைகளில் எத்தனை முறை சுட்டினார்கள் என்ற கணக்கு) குறைந்தவர்களின் ஆய்வு யாருக்கும் பயன்படாதது என்று ஒரு வரி இருந்தது. முப்பத்தொரு ஆண்டுகள் தாவர வகைப்பாட்டியலில் உழைத்தவன் நான். அந்த வரியைப் படித்த பிறகு செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டேன்.

பட்டியலைத் தயாரிக்கும் ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஜான் அயோனிடிஸ் குழுவினர் அறிவியலை 22 துறைகளாகவும் 174 உட்பிரிவுகளாகவும் பிரித்து, தன் கட்டுரையைத் தானே மேற்கோள் காட்டியதை நீக்கிய கணக்கையும் சேர்த்தே தருகிறார்கள் என்பது தாங்கள் அறியாததல்ல. ஒருவரின் ஆறு கட்டுரைகள் தலா ஆறு முறையாவது மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் 'ஆறு' என்று கணக்கிடும் எச்-இண்டெக்ஸை 2005இல் முன்வைத்த இயற்பியலாளர் ஹிர்ஷ்கூட, உயிரியலில் அந்த எண் இயற்பியலைவிட உயர்ந்திருக்கும் என்று தம் முதல் கட்டுரையிலேயே எழுதினார். தங்கள் செய்தியிலோ வேதியியலாளரும் கணிதவியலாளரும் தாவரவியலாளரும் ஒரே வரிசையில் நிறுத்தப்பட்டுள்ளனர்.

என் துறையில் நடப்பதைச் சொல்கிறேன். ஒரு செடிக்கு முதன்முதலில் பெயரிட்டு விவரித்தவரின் பெயர்ச் சுருக்கம் அதன் அறிவியல் பெயருக்குப் பின்னால் நிற்கும். அந்தப் பெயரைப் பயன்படுத்தும் சூழலியலாளரும் மருந்தியலாளரும் அவருடைய மூலக் கட்டுரையைத் தங்கள் துணைநூற்பட்டியலில் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. சேர்க்காதது, மேற்கோள்களை எண்ணும் ஸ்கோபஸ் தரவுத்தளத்தின் கணக்கிலும் ஏறாது. உலர்த்திய செடி மாதிரிகளைச் சேமித்து வைக்கும் திருச்சி ராபினட் உலர்தாவரகத்தை நிறுவிய அருட்தந்தை கே. எம். மேத்யூ 1980களில் வெளியிட்ட தாவர விவர நூல்தொகுதிகளைப் புரட்டாமல் எங்கள் பகுதியில் யாரும் ஒரு செடியை உறுதியாக இனங்காண்பதில்லை. அந்தப் புரட்டல்களை எந்தத் தரவுத்தளம் எண்ணுகிறது?

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பதவி உயர்வு நேர்காணலில் என் எச்-இண்டெக்ஸைக் கேட்டார்கள். ஆறு என்றேன். எனக்கு முன் சென்ற, பணியில் சேர்ந்து எட்டாண்டே ஆன நானோபொருள் ஆய்வாளருக்கு இருபத்தெட்டு. அவர் திறமையானவர், அவர்மீது எனக்கு வருத்தமில்லை. ஆனால் அவர் துறையில் ஆண்டுதோறும் வெளிவரும் கட்டுரைகள் ஏராளம், ஒவ்வொன்றிலும் ஐம்பது அறுபது மேற்கோள்கள். கொல்லிமலையிலும் பச்சைமலையிலும் நான் சேகரித்து, உலர்த்தி, தாளில் ஒட்டிய மாதிரிகளைப் பற்றி அந்தக் குழு ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

எண்ணின்மீது கொண்ட இந்த மோகத்துக்கு மாணவர்களும் விலை கொடுத்தார்கள். முனைவர் பட்ட ஆய்வேட்டுக்கு முன் கட்டுரை வெளியிட்டாக வேண்டும் என்ற பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி 2022இல்தான் நீங்கியது. அதுவரை, பணம் கட்டினால் ஒரே வாரத்தில் ஏற்றுக்கொள்ளும் இதழ்களுக்கு உதவித்தொகையைச் செலவிட்ட பிள்ளைகளை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பேராசிரியர்கள் ஒருவரையொருவர் மேற்கோள் காட்டிக்கொள்ள ஒப்பந்தம் பேசியதையும் கேட்டிருக்கிறேன். பெரிய கூட்டு ஆய்வுகளையும் நினைத்துப் பாருங்கள்: ஹிக்ஸ் துகளின் நிறை குறித்து 2015இல் வெளிவந்த ஒரே கட்டுரைக்கு ஆசிரியர்கள் 5,000 பேருக்கும் மேல். அந்த ஒரு கட்டுரையின் மேற்கோள்கள் அத்தனை பேர் கணக்கிலும் ஏறுகின்றன.

நான் கேட்பது இவ்வளவே. இத்தகைய பட்டியலை அடுத்த முறை வெளியிடும்போது ஒவ்வொரு பெயருக்கும் எதிரே துறையையும் உட்பிரிவையும், அந்த உட்பிரிவில் அவருக்குரிய இடத்தையும் அச்சிடுங்கள். ஞாயிறன்று வந்த அந்த வரிக்கு ஒரு திருத்தமும் வெளியிடுங்கள். அதற்கு இரண்டு வரி இடம் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் பேராசிரியர்,
திருச்சிராப்பள்ளி