மூன்று நிமிடம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ கொண்டுவந்த நான்கு ஆங்கில நாவல்களில் மூன்றை முடித்துவிட்டேன். எது பிடித்தது என்று போனில் கேட்டாய். போனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

முடிக்காதது சீனக்காரர் லியூ சிசின் எழுதிய 'தி த்ரீ பாடி பிராப்ளம்'. கலாச்சாரப் புரட்சியின்போது ஓர் இயற்பியல் பேராசிரியரை மேடையில் ஏற்றி, மகள் பார்த்துக்கொண்டிருக்க அடித்தே கொல்கிறார்கள். அந்த முதல் அத்தியாயம் படித்த இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதற்குப் பிறகு கணினி விளையாட்டு, மூன்று சூரியன்கள் என்று கதை எங்கோ போய்விட்டது. மூடி வைத்தேன். உன் அப்பா அதை எடுத்துக்கொண்டு, அடுத்த இரண்டு பாகங்களும் வேண்டும் என்கிறார்.

ஆண்டி வியரின் 'புராஜெக்ட் ஹெயில் மேரி' அப்படியில்லை. விண்கலத்தில் ஒருவன் கண் விழிக்கிறான். தன் பெயரே நினைவில்லை; இரண்டும் இரண்டும் எத்தனை என்று கணினி கேட்கிறது. பார்த்தால் பள்ளிக்கூட அறிவியல் வாத்தியார்! கணக்கு வரும் பக்கங்களைப் பொங்கலில் மிளகை ஒதுக்குவதுபோல ஒதுக்கிவிட்டேன். எனக்கு வேண்டியவன் ராக்கி. ஐந்து கால், கண் கிடையாது, பாறையில் செய்த சிலந்தி மாதிரி ஓர் உயிர். அவன் பேச்சு முழுக்கச் சுருதிதான். வாத்தியார் முதலில் கணினியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஒலிக்கும் பொருள் தேடுகிறார். போகப்போகக் காதே பழகிவிடுகிறது. இதை யாரும் எனக்கு விளக்க வேண்டாம். தொலைபேசி நிலையத்தில் வெளியூர் அழைப்புகளை இணைக்கும் டிரங்க் போர்டில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்த காலத்தில், "ஹலோ" என்று ஆரம்பிப்பதற்குள் பேசுவது அரிசி மண்டியா ஆஸ்பத்திரியா என்று எனக்குத் தெரிந்துவிடும்.

ராக்கியின் இனத்தில் ஒருவர் தூங்கினால் இன்னொருவர் பக்கத்தில் விழித்திருக்க வேண்டும். தூக்கத்தில் அவர்களை எழுப்பவே முடியாதாம். அதனால் மனிதன் தூங்கும்போதும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அடம்பிடிக்கிறான். அந்த இடத்தை நான் உன் அறை நாற்காலியில் உட்கார்ந்துதான் படித்தேன். நீ வந்த மூன்றாம் நாள், பகல் பதினொரு மணி வரை தூங்கினாயே, அப்போது. மின்விசிறிக் காற்றில் பக்கம் படபடக்கிறது, கூடத்தில் போய்ப் படி என்று அரைத்தூக்கத்தில் திட்டினாய். நான் போகவில்லை.

இஷிகுரோவின் 'கிளாரா அண்ட் த சன்' எனக்குக் கோபத்தை வரவழைத்த புத்தகம். அவருக்கு நோபல் கிடைத்தது 2017-இல். அதற்குப் பிறகு வந்த முதல் நாவல் இது. பிள்ளைகளுக்குத் துணையாகக் கடையில் விற்கும் இயந்திரப் பெண் கிளாரா. சுஜாதாவின் இயந்திர நாய் ஜீனோவை விகடனில் வாராவாரம் படித்த தலைமுறை நாங்கள், அது வாயாடி. கிளாரா எதிர்த்து ஒரு சொல் பேசமாட்டாள். நோயாளிச் சிறுமி ஜோசியின் தாய் அவளை அருவிக்கு அழைத்துப்போய், ஜோசியைப் போல உட்கார், ஜோசியைப் போலப் பேசு என்கிறாள். மூத்த மகளைப் பறிகொடுத்தவள். இவளும் போய்விட்டால் கிளாராவை மகளாக வைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம். சீ என்று புத்தகத்தைக் கவிழ்த்துவிட்டேன். இத்தனைக்கும் நோய் வந்த காரணம் வேறு. படிப்பில் பின்தங்கக் கூடாதென்று குழந்தையின் மரபணுவைத் திருத்தியதால் வந்த வினை அது. அங்கே என் கோபம் கொஞ்சம் இறங்கியது. பிளஸ் டூவில் உன்னை விடிகாலை நாலரைக்கு எழுப்பி, காய்ச்சலோடு டியூஷனுக்கு அனுப்பியவள்தானே நான்.

கடைசியாக சமந்தா ஹார்வியின் 'ஆர்பிட்டல்'. 2024-இல் புக்கர் வாங்கியது, 136 பக்கம்தான். கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. விண்வெளி நிலையத்தில் ஆறு பேர், ஒரே ஒரு நாள், பூமியைப் பதினாறு சுற்று. இரண்டு இடத்தில் கண்ணயர்ந்துவிட்டேன் என்பதை மறைப்பானேன். ஆனால் அந்த ஜப்பான்காரப் பெண் சீயே இருக்கிறாளே, அவளுடைய அம்மா கீழே இறந்துவிடுகிறாள். இறுதிச் சடங்குக்கு இவளால் போக முடியாது. உயரம் என்னவோ 400 கிலோமீட்டர். சென்னைக்கும் மதுரைக்கும் உள்ள தூரம்கூட இல்லை. அழுது புரளாமல் பட்டியல் எழுதிக்கொண்டு வேலையைப் பார்க்கிறாள்.

1984-ஓ 85-ஓ, ஓர் இரவுப் பணி. பம்பாயிலிருந்து ஒருவருக்கு நம் ஊரில் லைன் கொடுத்தேன். இந்தப் பக்கம், "அம்மா தவறிட்டாங்க" என்றார்கள். அவ்வளவுதான், இரண்டு முனையிலும் பேச்சில்லை. அவர் மூச்சு மட்டும் கேட்கிறது. மூன்று நிமிடம் ஆனதும் குறுக்கே புகுந்து, "நீட்டிக்கிறீர்களா?" என்று கேட்க வேண்டும், அதுதான் விதி. நான் குறுக்கே பேசும் சாவியைத் தொடவில்லை. பதினொரு நிமிடம் லைன் அப்படியே இருந்தது. கட்டணம் போடும் டிக்கெட்டில் மூன்று என்றே எழுதினேன். இதை உன் அப்பாவிடம்கூட இதுவரை சொன்னதில்லை.

அடுத்த முறை வரும்போது எழுத்து பெரிதாக இருக்கும் புத்தகமாகப் பார்த்து வாங்கிவா.

அன்புடன்,
அம்மா