பனிக்காட்டுக்கு இன்னும் சில மிருகங்கள்

அன்பு மகள் தேன்மொழிக்கு,

அப்பா எழுதுகிறேன். நேரத்துக்குப் பசியாறுகிறாய் என்று நம்புகிறேன். ஆயர் ஈத்தாமில் அம்மாவும் நானும் நலம்.

நீ அனுப்பிய பட்டியலைப் படித்தேன். பனிக்காட்டில் உயிர் பிழைக்கும் உங்கள் கணினி விளையாட்டில் இப்போது ஓநாய், கரடி, மான் மூன்றும் இருக்கின்றன. அடுத்த வெளியீட்டில் பனிக்கரடி, பனிச்சிறுத்தை, பூமா, கஸ்தூரி எருது, மூஸ் (மான் இனத்திலேயே பெரியது), கேரிபூ (வடக்கத்திப் பனிமான்) ஆறையும் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தாய். கழிக்க வேண்டியதை முதலில் கழித்துவிடுவோம். உங்கள் வரைபடம் கனடாவின் யூகான் பக்கத்து ஊசியிலைக் காடு. பனிச்சிறுத்தை நடு ஆசிய மலைகளில் வாழ்வது, அதற்கு அங்கே இடமே இல்லை. பனிக்கரடிக்குக் கடற்பனியும் சீலும் வேண்டும். கஸ்தூரி எருது மரமில்லாத துந்திராவில் மேய்வது. பூமா இப்போதைக்கு வேண்டாம். ஆட்டக்காரரை அடித்துக் கொல்ல ஏற்கெனவே இரண்டு இருக்கின்றன, மூன்றாவது வந்தால் பயம் கூடாது, சலிப்புதான் கூடும்.

புதிதாக ஒரு மிருகம் வந்தால், ஏற்கெனவே உள்ள விஷயங்களில் குறைந்தது இரண்டு அதனால் மாற வேண்டும், ம்மா. ஓநாயின் நடமாட்டம் மாறலாம், பனியில் நடக்கும் வழி மாறலாம், இறைச்சியை எங்கே வைப்பது என்ற பழக்கம் மாறலாம். எதுவுமே மாறவில்லை என்றால் அது வேறு தோல் போர்த்திய பழைய ஓநாய்தான். இந்தக் கணக்கில் பார்த்தால் உன் பட்டியலில் இல்லாத மூன்று முன்னுக்கு வருகின்றன: அண்டங்காக்கை, பனிமுயல், நீர்நாய்க்கு உறவான, குட்டிக் கரடி போன்ற வுல்வரின்.

அண்டங்காக்கையில் தொடங்கு. செலவும் குறைவு, அசைவுக்கான நாலு கால் எலும்புக்கூடு (ரிக்) தேவையில்லை. வட்டமிடுதல், இறங்குதல், கொத்துதல், எழும்புதல் என்று நான்கைந்து அனிமேஷனில் முடிந்துவிடும். வடக்கே அண்டங்காக்கைகள் ஓநாய்க் கூட்டத்தைத் தொடர்ந்து போய், அவை அடித்த இரையில் பங்கு கொள்கின்றன. ஆகவே எந்தச் சடலமும் விழுந்த 10 அல்லது 15 விளையாட்டு நிமிடங்களில் அதன் மேல் 3 முதல் 6 பறவைகள் சுற்றட்டும். மரமுடிக்கு மேலே, 400 மீட்டர் தள்ளி நின்றாலும் தெரியும் உயரத்தில் சுற்ற வேண்டும். பகலில் மட்டும். யூகானின் தலைநகர் வைட்ஹார்ஸ் பக்கம் டிசம்பர் கடைசியில் பகல் ஐந்தரை மணி நேரம்தான், அதனால் அந்தத் தகவலுக்கே ஒரு விலை வந்துவிடும். பறவைகள் இறங்கிக் கொத்துகின்றன என்றால் அங்கே ஓநாய் இல்லை அல்லது தின்று முடித்துவிட்டது. இறங்காமல் மரத்தில் உட்கார்ந்து கத்துகின்றன என்றால் யாரோ பக்கத்தில் இருக்கிறார்கள். இந்த வேறுபாட்டை எந்த அறிவிப்பிலும் சொல்லாதே, ஆட்டக்காரர் தானாகக் கண்டுபிடிக்கட்டும். மணிக்கு இத்தனை கிராம் என்று சடலத்தின் எடையும் குறைந்துகொண்டே வர வேண்டும், அப்போதுதான் யோசித்து நிற்பதற்கும் விலை இருக்கும். குரலுக்கு நம்மூர்க் காக்கையின் ஒலிப்பதிவைப் போட்டுவிடாதீர்கள். அண்டங்காக்கையின் குரல் அடித்தொண்டையில் கனமாக வரும், வால் ஆப்பு வடிவத்தில் இருக்கும். பறவை பார்ப்பவர்கள் முதல் நாளே பிடித்துவிடுவார்கள்.

பனிமுயல் வந்தவுடன் அதை வேட்டையாடும் லிங்க்ஸ் காட்டுப்பூனையும் வந்துவிடும், இரண்டையும் ஒரே வேலையாக எடுத்துக்கொள். முயல்களின் எண்ணிக்கை 8 முதல் 11 ஆண்டுகளுக்கு ஒரு முறை பெருகிச் சரியும், லிங்க்ஸ் ஓரிரு ஆண்டு பின்தங்கி அதே வளைவில் போகும். ஹட்சன்ஸ் பே கம்பெனியின் பழைய தோல் வியாபாரக் கணக்குகளிலேயே இது பதிந்திருக்கிறது. உங்கள் ஆட்டம் ஒரு குளிர்காலத்துக்குள் முடிவதால் சுழற்சியை ஓட்டிக் காட்ட வேண்டியதில்லை. புது ஆட்டம் தொடங்கும்போது ஒரு எண்ணை வைத்து, இது முயல் மிகுந்த ஆண்டா வறண்ட ஆண்டா என்று தீர்மானித்துவிடு. வறண்ட ஆண்டில் லிங்க்ஸ் மெலிந்து, பகலிலும் அலைந்து, முகாம் வரை வரும். ஒரே வரைபடம் இரண்டு விளையாட்டாகிவிடும்.

முயலின் நிறத்தை மாற்றுவது பகலின் நீளம், பனி விழுவது அதற்குத் தெரியாது. பனி தாமதித்த ஆண்டில் பழுப்புத் தரையில் வெள்ளை முயல் பளிச்சென்று தெரியும். நிறமாற்றத்தைத் தேதியோடு கட்டு, பனியின் ஆழத்தோடு கட்டாதே. தடத்தையும் கலைஞரிடம் சொல்லிவிடு: முயல் தாவும்போது பெரிய பின்னங்கால் தடங்கள் முன்னே விழும், சிறிய முன்னங்கால் தடங்கள் பின்னே விழும். இதைத் தலைகீழாக வரைந்தால் தடம் பார்த்துப் போகிறவர் எதிர்த்திசையில் போவார். லிங்க்ஸின் தடத்தில் நகக்குறி பெரும்பாலும் விழாது, ஓநாயின் தடத்தில் விழும்.

இங்கேதான் உணவுக் கணக்கையும் திருத்த வேண்டும். முயல்கறி மட்டும் தின்று ஒருவர் குளிர்காலத்தைத் தாண்ட முடியாது. நூறு கிராம் காட்டுமுயல் கறியில் ஏறக்குறைய 114 கலோரி, மூஸில் 102, நீரோரக் கொறிவிலங்கான பீவரில் 146, கரடியில் 161. வித்தியாசம் கொழுப்பில் இருக்கிறது. மொத்தக் கலோரியில் ஏறத்தாழ 35 சதவீதத்துக்கு மேல் புரதத்திலிருந்தே வந்தால் கல்லீரல் சமாளிக்காது. வயிற்றுப்போக்கு, தலைவலி, களைப்பு, வயிறு நிறைந்தும் அடங்காத பசி எல்லாம் வரும். திரையில் புதிதாக ஒரு பட்டை வேண்டாம். கடைசி 72 மணி நேரத்தில் தின்ற கொழுப்பை மட்டும் உள்ளே கணக்கு வை. குறைந்தால் பசிப் பட்டை வேகமாக இறங்கட்டும், களைப்பு கூடட்டும். கரடி, பீவர் இரண்டின் மதிப்பும் தானாக ஏறிவிடும்.

கரடியைச் சொன்னதால் இன்னொன்று. உங்கள் நிரலில் 48 மணி நேரம் உறைந்த இறைச்சியைப் பச்சையாகத் தின்றாலும் ஒட்டுண்ணி வராது என்று இருக்கிறது. வடக்கத்திக் கரடிக்கறியில் இருக்கும் டிரைகினெல்லா நேட்டிவா என்ற ஒட்டுண்ணிப் புழு உறைபனிக்குச் சாகாது. உள்ளே 71 டிகிரி செல்சியஸ் வரை வெந்தால்தான் பாதுகாப்பு. அந்த விதியைக் கரடிக்கு எடுத்துவிடு. நடுக்குளிர்காலத்தில் கரடி வெளியே திரிவதையும் குறை. குகையில் உறங்கும் கரடியின் உடல் வெப்பம் பெரிதாக இறங்காது, 30 டிகிரிக்குக் கீழே போவது அரிது. அதனால் சத்தம் கேட்டால் எழுந்துவிடும். குகைக்குள் தூங்கப் போகிறவருக்கு அது போதும்.

வுல்வரினுக்குத்தான் நேரத்தை அதிகம் ஒதுக்கச் சொல்வேன். 8 முதல் 18 கிலோ வரை எடை. ஆட்டக்காரர் மேல் பாயத் தேவையில்லை. அதன் வேலை திருட்டு. இப்போது உங்கள் ஆட்டத்தில் எல்லோரும் இறைச்சியைக் குடிசைக்கு வெளியே பனியில் போட்டு வைக்கிறார்கள். வாசனையும் உள்ளே வராது, கெடவும் கெடாது, காசில்லாத ஃபிரிட்ஜ். அந்தச் சுகத்தை உடைக்க வுல்வரின் போதும். வாசனையைக் காற்றின் திசையோடு கணக்கிடு: காற்று போகும் பக்கம் 600 மீட்டர், எதிர்ப்பக்கம் 80 மீட்டர் என்று தொடங்கிப் பார்க்கலாம். மங்கலிலும் இரவிலும் வரட்டும், ஒரு தடவைக்கு 2 கிலோவுக்கு மேல் தூக்க வேண்டாம். தூக்கியதை அங்கேயே தின்று தீர்க்காது. பாறை இடுக்கில், பனிக்கடியில் ஒளித்து வைக்கும். ஆகவே திருடிய இறைச்சி மறையக் கூடாது. 200 முதல் 500 மீட்டருக்குள் ஒரு புதையிடம், அதுவரை தடம், தடத்தைப் பின்தொடர்ந்தால் மீட்கலாம். பனி பெய்தால் தடம் மூடிவிடும். இதற்காகக் கதை எழுத வேண்டியதில்லை, விதிகளே கதையைச் செய்துகொள்ளும்.

தாவரவியல் பூங்காக் குரங்குகள் பிளாஸ்டிக் பை சரசரத்தால் போதும், கையில் என்ன இருக்கிறது என்று பார்க்காமலே ஓடி வருமே, அதைப்போல வுல்வரினும் கற்றுக்கொள்ள வேண்டும். ஓர் இடத்தில் ஒரு முறை இறைச்சி கிடைத்தால் அந்த இடத்துக்கு மதிப்பெண் ஏறட்டும், வெறுங்கையோடு திரும்பினால் இறங்கட்டும். மதிப்பெண் தேய்ந்து போக 5 விளையாட்டு நாள் கொடு. தேயாமல் விட்டால் வரைபடத்திலுள்ள எல்லா வுல்வரினும் ஒரே குடிசையைச் சுற்றி நிற்கும். இந்த மாதிரி நினைவாற்றலில் வரும் முதல் கோளாறு அதுதான். ஒரு வட்டாரத்துக்கு ஒரே ஒரு வுல்வரின் போதும், பரந்த எல்லையில் தனியாகத் திரிவதுதான் அதன் இயல்பு.

தடுக்கும் வழியும் கொடுக்க வேண்டும். மரத்தில் கட்டித் தொங்கவிட்டால் போதும் என்று வைக்காதே, வுல்வரின் மரம் ஏறும். வடக்கே காட்டுக் குடிசைக்காரர்கள் நான்கு கம்பத்தின் மேல் சிறு பரண் கட்டி, கம்பங்களைச் சுற்றித் தகரம் அடிப்பார்கள். நகம் பிடிக்காமல் வழுக்கும். அதையே கட்டுமானப் பொருளாக வை: கம்பம் 4, பலகை 6, தகரம் 4, ஆணி. தகரம் பழைய வண்டிகளிலிருந்து மட்டும் கிடைக்கட்டும், அப்போது ஒரு பரண் கட்டவே ஒரு பயணம் தேவைப்படும். வுல்வரின் தோலில் மூச்சுக்காற்றின் உறைபனி எளிதில் உதிர்ந்துவிடும் என்பதால் இனுயிட் மக்கள் அங்கியின் முகவிளிம்புக்கு அதை வைத்துத் தைத்தார்கள். அந்தப் பொருளைச் சேர்த்தால் காற்றில் முகம் உறைவது குறையும், வேட்டையாட ஒரு காரணமும் கிடைக்கும்.

மூஸ், கேரிபூ இரண்டும் வரட்டும், மானின் ரிக்கைப் பெரிதாக்கி மட்டும் செய்யாதீர்கள். மூஸின் தோள் 2 மீட்டரை எட்டும், கால் நீளம், உடல் முன்கனம். மானின் நடையை அப்படியே இழுத்தால் பாதம் பனியில் சறுக்குவது பச்சையாகத் தெரியும். ரூட் மோஷனோடு (அனிமேஷனின் அடியே உடலை நகர்த்தும் முறை) தனி நடை எடுக்கச் சொல். தாக்கும் முன் காதைப் பின்னுக்கு மடக்கும், பிடரி மயிர் சிலிர்க்கும். இந்த எச்சரிக்கைக்கு 2 அல்லது 3 விநாடி கொடு. பெரிய மரத்தின் பின்னால் போனவர் தப்ப வேண்டும். கொம்பு விஷயத்தில் பல விளையாட்டுகள் தவறுகின்றன. ஆண் மூஸ் பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியில் கொம்பை உதிர்த்துவிடும். கேரிபூவில் வளர்ந்த ஆண்களும் குளிர்காலத் தொடக்கத்தில் உதிர்த்துவிடும், சினைப்பெண்கள்தான் வசந்தம் வரை கொம்போடு திரியும். உங்கள் கதை பிப்ரவரியில் நடக்கிறது. கொம்புள்ள வளர்ந்த கேரிபூவைப் பார்த்தால் ஆட்டக்காரர் அது பெண் என்று புரிந்துகொள்ளட்டும்.

பீவரையும் சேர்த்தால் ஒன்று: பீவர் வீட்டைச் சுற்றியுள்ள பனிக்கட்டி மெல்லியது, அவை அடியில் போய்வருவதால். அங்கே ஏரிப்பனியின் தாங்குதிறனைக் குறைத்துவிடு, அது போதும்.

இவை எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிப்பது பனியின் ஆழம்தான், ம்மா. மிருகங்கள் வழி தேடும் நடைவரைபடமான நேவ்மெஷில் எல்லா மிருகத்துக்கும் ஒரே நடைச்செலவு வைத்திருக்கிறீர்கள். முயலும் லிங்க்ஸும் அகன்ற பாதத்தால் மேலாக ஓடும். ஓநாய் புதையும். மூஸ் 70 சென்டிமீட்டர் வரை தாங்கும், 90ஐத் தாண்டினால் தடுமாறும். வெயிலடித்து மறுபடி உறைந்து மேல்பனி இறுகினால் கணக்கு தலைகீழ்: ஓநாயைத் தாங்கும் பனி, கனத்த மூஸின் குளம்புக்கு உடையும். பனி ஆழத்தை 25 மீட்டர்ச் சதுரங்களாகச் சேமித்து, அதை ஒவ்வோர் இனத்தின் நடைச்செலவிலும் பெருக்கினால் வானிலையே வேட்டையின் முடிவை மாற்றும். நேவ்மெஷை மறுபடி கட்ட வேண்டாம், செலவு எண்ணை மட்டும் புதுப்பித்தால் போதும்.

முழு உணவுச்சங்கிலியையும் ஓடவிட ஆசைப்படாதே. 1997இல் வந்த அல்டிமா ஆன்லைன் என்ற இணைய விளையாட்டுக்கு அப்படியொரு சூழலியலைக் கட்டினார்கள். ஆட்டக்காரர்கள் கண்ணில் பட்ட மிருகத்தையெல்லாம் கொன்று தீர்த்ததால் அதைக் கைவிட வேண்டியதாயிற்று. ஆட்டக்காரரிடமிருந்து 150 மீட்டருக்குள் முழு நடத்தை, 600 வரை விநாடிக்கு ஒரு முடிவு, அதற்கு அப்பால் வட்டாரத்துக்கு இத்தனை என்ற எண் மட்டும் இருக்கட்டும். ஒவ்வோர் இனத்துக்கும் குறைந்தபட்ச எண் ஒன்று வை. அதற்குக் கீழே போனால் வரைபட விளிம்பிலிருந்து நடந்து வரட்டும், கண்ணெதிரே முளைக்கக் கூடாது.

சோதனைக்கு, ஆட்டக்காரரே இல்லாமல் 60 விளையாட்டு நாளை இரவோடு இரவாக ஓடவிட்டு, நாளுக்கு ஒரு வரி பதிவு எடு: எந்த இனம் எத்தனை, எங்கே, எதனால் செத்தது. முதல் வாரத்திலேயே முயல் தீர்ந்தால் ஓநாயின் பசி வேகம் அதிகம். நிஜத்தில் ஓநாய் ஒரே வேளையில் 9 கிலோ வரை தின்றுவிட்டு நாள்கணக்கில் சும்மா இருக்கும். மூஸை விரட்டினால் பெரும்பாலும் தோற்கும். அமெரிக்காவின் ஐல் ராயல் தீவில் 1960 வாக்கில் நடந்த கவனிப்பில் 77 முறை முயன்று 6 மூஸைத்தான் வீழ்த்தின. உங்கள் ஓநாய் பத்துக்கு ஏழு முறை வெல்கிறது, அந்த எண்ணைத்தான் முதலில் தொட வேண்டும்.

பதிவுக் கோப்பை அப்படியே அனுப்பு, நானும் பார்க்கிறேன். எனக்கு அனுப்பும் சோதனைப் பதிப்பில் காற்றின் திசையைக் காட்டும் அம்புக்குறியை அணைக்காமல் விடு; வுல்வரின் சரியாக வருகிறதா என்று அது இல்லாமல் சொல்ல முடியாது.

அன்புடன்,
அப்பா
ஆயர் ஈத்தாம், பினாங்கு