உறைமோரும் ஊதாக் கோவாவும்

அன்பு மகள்,

நாங்கள் சுகம். அப்பாவுக்குக் கால் வீக்கம் வத்திட்டு. நீ அனுப்பின படம் கண்டன். உன்ட மகன் தம்பி நல்லா வளந்திட்டான். தட்டில கடைப் பெட்டிச் சாப்பாடு கிடந்ததையும் கண்டன். குறை சொல்லல்ல, வேலைக்குப் போற பிள்ளைக்கு நேரம் எங்க. ஆனா அடுப்படியை விட்டு நகராம நிண்ட பிள்ளை நீ.

இஞ்ச ஆரையம்பதி முன்பள்ளியில இப்ப வெள்ளிக்கிழமைகளில சமையல்தான் பாடம். போன கிழமை புட்டு. மூடியைத் தூக்கினா உள்பக்கம் துளிதுளியாத் தண்ணி. "மூடிக்கு வேர்க்குது ரீச்சர்" எண்டான் ஒரு பொடியன். நான் பிழையெண்டு சொல்லல்ல. கீழ பானையில கிடந்த தண்ணி மேல எப்பிடி வந்த எண்டு கேட்டன். ஒருத்தி "ஏறி வந்த" எண்டாள்! மறுகா தூரத்தில நிப்பாட்டி ஆவி கிளம்புறதைக் காட்டினன். ஆவி ஆறின மூடியில பட்டுத் தண்ணியாகுது எண்டு சொல்ல ஒரு நிமிசம் காணும். முதல்ல கேக்கோணும், மறுகாதான் காட்டோணும். தம்பிக்கும் அப்பிடிச் செய்.

தயிர் உறையல்ல எண்டாயே. படுவான்கரைச் சட்டித்தயிர் மாதிரி அங்க வராது, அது எருமைப்பால், கொழுப்புக் கூட. ஆனா உறையாததுக்குக் குளிர்தான் காரணம். உறைமோரில இருக்கிற கிருமி உசிருள்ள சாமான். கொதிக்கிற பாலில விட்டாச் செத்திரும், குளிர்ந்த பாலில விட்டாச் சோம்பிக் கிடக்கும். விரல் தாங்கிற இளஞ்சூட்டில ஒள்ளுப்பம் உறை விட்டு, கம்பளியால சுத்தி வை. ராவைக்குத் தண்ணியா ஆடுற பாலைத் தம்பிக்குக் காட்டு. விடியச் சட்டியைச் சரிச்சுக் காட்டு.

அளவு எழுதலாமெண்டுதான் இருந்தன். ரெண்டு பேருக்கோ மூணு பேருக்கோ எண்டு தெரியாம விட்டிட்டன். மருமகனுக்கு இன்னும் இரவு வேலையோ? முந்தின படங்களிலயும் அவரைக் காணல்ல.

இஞ்ச சங்குப்பூத் தண்ணிக்குத் தேசிக்காய் விட்டு நிறம் மாத்திக் காட்டுறம். அங்க ஊதாக் கோவா கிடைக்கும். நறுக்கிச் சுடுதண்ணியில ஊறப்போட்டு வடி. ஒரு கோப்பையில தேசிக்காய் விட்டா ரோசா நிறம், மத்தக் கோப்பையில அப்பச்சோடா போட்டா நீலம். புளிப்புக்கு ஒரு நிறம், சோடாவுக்கு ஒரு நிறம். விஞ்ஞானத்தில ஏ எடுத்த உனக்கு நான் சொல்லத் தேவையில்ல. அந்த ஏயை இண்டைக்கும் சந்தையில சொல்லித் திரியிறன், பிள்ளை அம்மாவுக்கு ஒரு கோல் எடுக்க மறந்திட்டுது.

கத்தியை அவன்ட கையில குடுக்காத. அடுப்புக் கிட்ட விடாத. முழுக் கச்சானை வாயில போட விடாத, விக்கும். முதல்ல அவனைக் கேள், மறுகா காட்டு. கேட்டியா?

கோவாவை நாளைக்கே வாங்கு. செய்யேக்க வீடியோ கோல் எடு, நிறம் மாறுறதை நானும் பாக்கோணும். அவர் வீட்டில நிண்டாத்தான் எடுக்கோணும் எண்டில்ல.

அன்புடன்,
அம்மா