பத்தாவதை விட்டுவிடாதீர்கள்

கும்பகோணம் வாசிப்பு வட்டத்து நண்பர்களுக்கு,

வணக்கம். போன கூட்டத்துக்கு நான் வரவில்லை, தாளடி அறுப்பு. வராதவனுக்கு ஓட்டு இல்லை, சரி. ஆனால் ராபர்ட் ஜோர்டானின் மாயாஜால நாவல் வரிசையான ‘தி வீல் ஆஃப் டைம்’ மறுவாசிப்பில் பத்தாம் தொகுதிக்குக் கதைச்சுருக்கம் போதும், நேராகப் பதினொன்றுக்குப் போய்விடலாம் என்று முடிவு செய்திருக்கிறீர்களாம். அதைக் கேட்டபின் சும்மா இருக்க முடியவில்லை.

அந்தப் பத்தாம் தொகுதி ‘கிராஸ்ரோட்ஸ் ஆஃப் ட்விலைட்’ மேல் உங்களுக்குள்ள கோபம் நியாயமானதுதான். ஒன்பதின் முடிவில் கதாநாயகன் ராண்ட், ஆண்களின் மந்திர சக்தியில் மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஊறிக்கிடந்த நஞ்சைக் கழுவுகிறான். அப்புறம் என்ன என்று பத்தைத் திறந்தால், அதே நாளில் வேறு வேறு இடங்களில் இருந்தவர்கள் தூரத்தில் ஏதோ நடப்பதை உணர்ந்து திகைத்து நிற்கிறார்கள். முறை வைத்துத் தண்ணீர் விடுவதுபோல மேட் என்பவனுக்குக் கொஞ்சம், எலைனுக்குக் கொஞ்சம், எக்வீனுக்குக் கொஞ்சம் என்று பாத்திரங்களுக்குப் பக்கங்களைப் பங்கிடுகிறார் ஜோர்டான். ஒரு வயலும் நனையுமுன் மதகை இறக்கிவிடுகிறார். ராண்டுக்குக் கடைமடைப் பங்குதான். எலைன் அரியணைக்கு ஆள் சேர்க்கும் பக்கங்களில் நானும் தூங்கியிருக்கிறேன்.

2000-இல் ஒன்பதை முடித்துவிட்டு 2003 வரை காத்திருந்தவர்களுக்கு இது துரோகமாகத் தோன்றியிருக்கும். அடுத்தது வர 2005 ஆனது. 2007-இல் ஜோர்டான் இறந்துபோக, மிச்சத்தை மூன்று தொகுதிகளாக பிராண்டன் சாண்டர்சன் முடித்தபோது 2013. அவர்கள் திட்டலாம். பதினான்கையும் அலமாரியில் அடுக்கி வைத்திருக்கும் நமக்கு என்ன அவசரம்?

கல்லூரி விடுதியில் முதல் தடவை படித்தபோது, ஸோ ஹாபர் என்ற ஊர் வரும் இடத்தைப் புரட்டித் தள்ளியவன் நான். இரண்டாம் தடவை படித்தது நெல் கொள்முதல் நிலைய வாசலில். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்கமாட்டார்கள். பருவம் தப்பிய மழை வேறு. வெயில் வந்தால் கிளறிக் காயவைப்பதும், மேகம் கருத்தால் தார்ப்பாயை இழுப்பதுமாக ஐந்து நாள். ஓரத்து நெல் முளைவிட்டுவிட்டது. ராத்திரியில் அம்பாரத்துக்குக் காவல் படுத்துக்கொண்டு டார்ச் வெளிச்சத்தில் படித்தேன்.

கதையில், ராண்டின் நண்பன் பெர்ரினின் மனைவி ஃபெய்லை ஷைடோ என்ற எதிரிக் குலத்தார் பிடித்துப் போயிருக்கிறார்கள். பின்னாலேயே ஓடவேண்டியவன் அவன். ஆனால் நம்பி வந்த படைக்குச் சோறு வேண்டும், குதிரைக்குத் தீனி வேண்டும். தானியம் வாங்க ஸோ ஹாபருக்குப் போகிறான். அழுக்கேறிய, பயந்த முகங்கள். செத்தவர்கள் நடமாடுகிற ஊர். மூட்டையைப் பிரித்தால் வண்டு. வேறு தானியமும் இல்லை. தூற்றித்தான் எடுக்கவேண்டும். உலகம் அழியப்போகிறது என்று காட்ட வேறொருவராக இருந்தால் வானத்தைப் பிளந்திருப்பார். இந்த மனிதர் களஞ்சியத்தில் வண்டை விடுகிறார்! எங்கள் பாட்டி பத்தாயத்தைத் திறந்ததும் அள்ளுவதற்கு முன் முகர்ந்துதான் பார்ப்பார். அந்தப் பயத்தை நம் ஊர்க்காரர்களுக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை.

அடுத்த அத்தியாயத்தில் பெர்ரின், தகவல் கறப்பதற்காக ஒரு கைதியின் கையை வெட்டுகிறான். வெட்டிய கோடரியை வீசிவிட்டுப் போகிறான். முதல் தொகுதியில் காட்டில் சந்தித்த எலயாஸ் அவனிடம் சொன்னது நினைவிருக்கிறதா? இந்தக் கோடரி மேல் வெறுப்பு இருக்கும்வரை வைத்திரு, அந்த வெறுப்பு விட்டுப்போனால் தூர எறிந்துவிடு என்பார். அது நடக்க ஒன்பது தொகுதி தாண்டியிருக்கிறது. உங்கள் கதைச்சுருக்கத்தில் இது ஒரு வரி: ‘பெர்ரின் கோடரியை எறிகிறான்.’ வண்டோடும் பசியோடும் நாள் கணக்கில் மல்லுக்கு நின்றவன்தான் அந்த வெட்டை வெட்டுகிறான் என்பது அந்த வரியில் எங்கே இருக்கும்? எனக்கு அந்த ராத்திரி கோடரி ஓங்கும் முன்பே தெரிந்துவிட்டது. ஐந்து நாள் தூங்காதவனுக்குக் கை எப்படிப் பரபரக்கும் என்று அப்போதுதான் கண்டிருந்தேன்.

முழுசாகப் படிக்கச் சொல்லவில்லை. அடுத்த கூட்டத்தில் 25, 26, 27 ஆகிய மூன்று அத்தியாயங்களையாவது சேர்ந்து படிப்போம். வாத்தியார் அண்ணன் வாசித்தால் நன்றாக இருக்கும். புத்தகத்தை நானே கொண்டுவருகிறேன். தார்ப்பாய் ஒழுகிய ராத்திரியில் நனைந்து உப்பிப்போன பிரதி அது. நடுவில் சில பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். எல்லாம் எலைன் அத்தியாயங்கள். பிரிக்க நான் மெனக்கெடவில்லை.

அன்புடன்,
மன்னார்குடிப் பக்கத்து வாசகன்