அந்தக் கட்டத்தில் 'உண்டு' என்று போடு

அன்புள்ள முத்துவுக்கு,

அம்மா எழுதுவது. அங்கே இத்தாலியில் அரை மாரத்தானுக்குப் பெயர் கொடுக்க ஈசிஜியும் டாக்டர் சான்றிதழும் கேட்கிறார்கள், வீண் செலவு என்று போனில் புலம்பினாய். நீ அனுப்பிய படிவத்தைச் செயலியில் போட்டுத் தமிழில் படித்துப் பார்த்தேன். குடும்பத்தில் இளவயதில் திடீரென்று இறந்தவர் உண்டா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று போட்டிருக்கிறாய். உண்டு, ஐயா.

செல்வம் சித்தப்பா நீ பிறக்கும் முன்பே போய்விட்டார். 24 வயது. கோவில்பட்டியில் ஹாக்கி மட்டை தொடாத பையனைப் பார்ப்பது அபூர்வம். அவருக்கோ அதுதான் சோறு தண்ணி. மே மாத ஆட்டத்தில் பந்தோடு ஓடிக்கொண்டிருந்தவர் குப்புற விழுந்தார். யாரும் மோதவில்லை. வெயில் தாங்கவில்லை என்றார்கள். அறுத்துப் பார்க்க ஆச்சி சம்மதிக்கவில்லை, அதனால் காரணம் இன்னதென்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஆனால் அதற்குக் கொஞ்ச நாள் முன்னால் பயிற்சியில் ஓடும்போதே ஒருமுறை மயங்கியிருக்கிறார். வெறும் வயிற்றில் வந்திருப்பான் என்று குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

ஓடி முடித்து நின்றதும் தலை சுற்றுவது பலருக்கும் வரும். ஓடிக்கொண்டிருக்கும்போதே நினைவு தப்புவது வேறு. வார்டில் இத்தனை வருஷம் நின்றவள் சொல்கிறேன், அதை ஒருக்காலும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதே. மூச்சு வாங்கும்போது நெஞ்சைப் பிடித்தாலும் அப்படித்தான்.

உன் நாடி 46 என்று கடிகாரம் காட்டுவதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. நெடுந்தூரம் ஓடுகிறவனின் இதயம் கொஞ்சம் பெரிதாகும், ஒரு துடிப்பில் அதிக ரத்தம் தள்ளும், அதனால் ஓய்வில் நிதானமாக அடிக்கும். 1899-லேயே சுவீடனில் ஹென்ஷென் என்ற மருத்துவர் பனிச்சறுக்கு வீரர்களின் மார்பை விரலால் தட்டிப் பார்த்தே இதயம் பெருத்திருப்பதைச் சொல்லிவிட்டார். பயிற்சியை நிறுத்தினால் பெரும்பாலும் சுருங்கியும் விடும்.

பரம்பரையாக வரும் இதயத் தசைத் தடிப்பு வேறு கதை. ஏறத்தாழ 500 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. பலருக்குத் தெரியாமலே காலம் போகும். பெற்றவரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. அப்படிப்பட்ட இதயத்தைக் கடும் பயிற்சியில் விரட்டும்போது துடிப்பு தாறுமாறாகி நின்றுபோகலாம். 2003-ல் லியோன் மைதானத்தில் கேமரூன் கால்பந்து வீரர் ஃபோ விழுந்து இறந்தாரே, அவருக்கும் இதுதான்.

போட்டியில் இறங்க மருத்துவச் சான்று வேண்டும் என்று நீ சலித்துக்கொள்ளும் சட்டம் இத்தாலியில் 1982-லிருந்து இருக்கிறது. அது வந்தபின் நீ இருக்கும் வெனெட்டோ பகுதியில் இளம் விளையாட்டு வீரர்களின் திடீர் மரணம் 89 சதவீதம் குறைந்ததாக 2006-ல் கணக்கு வெளியிட்டதே உன் பதுவா பல்கலைக்கழக மருத்துவர்கள்தான்! அங்கேயே இருந்துகொண்டு நீ முணுமுணுக்கிறாய். எல்லோருக்கும் ஈசிஜி எடுப்பது வீண் என்று மற்ற நாடுகளில் வாதிடுகிறவர்களும் உண்டு. நல்ல இதயத்தையும் நோய் என்று காட்டிப் பயமுறுத்திவிடும் என்பது அவர்கள் கட்சி. அது நியாயமும்கூட. ஈசிஜி எல்லாவற்றையும் பிடித்துவிடாது என்பதும் உண்மை. டென்மார்க் கால்பந்து வீரர் எரிக்சன் இத்தாலியில் இன்டர் மிலான் அணிக்கு ஆடிக்கொண்டிருந்தவர்தானே, 2021-ல் நடந்த யூரோ கால்பந்துப் போட்டியில் மைதானத்திலேயே விழவில்லையா? உடனே நெஞ்சை அழுத்தி, மின் அதிர்ச்சி கொடுத்ததால் பிழைத்தார். நீங்கள் ஓடும் இடத்தில் அந்த மின் அதிர்ச்சிப் பெட்டி எங்கே இருக்கிறது என்று கேட்டு வை.

இப்போது நீ செய்ய வேண்டியது: 'உண்டு' என்று திருத்து. சித்தப்பா உறவு, வயது, ஓடும்போது மயங்கியது எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல். ஈசிஜி சரியாக இருந்தாலும், இதயத்தை ஸ்கேன் செய்து பார்க்கும் எக்கோவும் எடுக்கச் சொல். காய்ச்சல் அடித்தால் ஓடாதே. வைரஸ் இதயத் தசையையும் தாக்கும்.

அப்பாவை வியாழக்கிழமை மதுரைக்குக் கூட்டிப்போய் எக்கோ எடுக்கப் போகிறேன். 'எனக்கென்ன கேடு' என்று முறைக்கிறார். நீ போனில் ஒரு வார்த்தை சொன்னால் மறுபேச்சு பேசமாட்டார். ரிப்போர்ட்டைப் படம் பிடித்து அனுப்புகிறேன், அதையும் உன் டாக்டரிடம் காட்டு. அதுவரை மெதுவாக நட, போதும்.

அம்மா