விற்காமல் போன கார்

அன்பு மகள் கவிதாவுக்கு,

மூன்று மாத விற்பனை பாதியாகிவிட்டது, காரணம் எழுதித் தரச் சொல்கிறார்கள் என்று நேற்று போனில் சொன்னாய். மழை, டீலர்கள், போட்டிக் கம்பெனியின் தள்ளுபடி என்று நீ அடுக்கிய மூன்றும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் உங்கள் கம்பெனியின் தப்பு என்று அதில் ஒன்றுகூட இல்லையே! போனில் சொன்னால் நடுவில் பேசுவாய், அதனால் எழுதுகிறேன்.

டாடா கம்பெனியின் மலிவு விலை நானோ கார் ஞாபகம் இருக்கிறதா? 2009 ஏப்ரலில் முன்பதிவு நடந்தபோது நான் வங்கியில் வாகனக் கடன் பார்த்துக்கொண்டிருந்தேன். நாடு முழுக்க இரண்டு லட்சத்துக்கு மேல் பதிவாகி, குலுக்கல் போட்டு ஒரு லட்சம் பேருக்கு ஒதுக்கினார்கள். மழையில் நனைந்தபடி ஸ்கூட்டரில் போகும் குடும்பத்தைப் பார்த்துத்தான் ரத்தன் டாடாவுக்கு அந்த யோசனையே வந்ததாம். என் மேசைக்கு அந்தக் குடும்பம் அதிகம் வரவில்லை. வந்தவர்களில் பாதிக்கு மேல் வீட்டில் ஏற்கெனவே கார் வைத்திருந்தவர்கள். ஒரு மளிகைக்கடைக்காரர் படிவத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதை வாங்கினா வக்கில்லாம வாங்கினான்னு சொல்வாங்க மேடம்" என்று திருப்பிக் கொடுத்தார். பிறகு பழைய மாருதி 800 வாங்கத்தான் கடன் கேட்டார்.

2010 நவம்பரில் மொத்த நாட்டிலும் விற்ற நானோ 509. குஜராத்தில் இருக்கும் சானந்த் ஆலையோ வருடத்துக்கு இரண்டரை லட்சம் கார் செய்யக் கட்டியது. அவர்களுக்கும் காரணத்துக்குப் பஞ்சமில்லை. மேற்கு வங்கத்தில் சிங்கூர் நிலத் தகராறில் ஆலையையே குஜராத்துக்கு மாற்ற வேண்டியிருந்தது, சில கார்கள் தீப்பிடித்தன. நான்கு வருட வாரண்டி, சுலபக் கடன் என்று என்னென்னவோ செய்தார்கள். விற்பனை ஏறியது, மறுபடி இறங்கியது.

காரைக் கிட்டப் போய்ப் பார்த்தால் மளிகைக்கடைக்காரர் சொன்னது புரியும். பின்பக்கம் கதவு மாதிரி இருக்கும், திறக்காது. பை வைக்கப் பின்சீட்டை மடக்க வேண்டும். பெட்ரோல் போட முன்பக்க பானெட்டைத் திறக்க வேண்டும். ஒரே வைப்பர். செலவுக் கணக்கில் எல்லாம் சரிதான். ஆனால் முதல் கார் வாங்குகிறவன் தெருவே பார்க்கத்தானே வாங்குகிறான்?

மலிவான கார் என்று விற்றதே தப்பு என்று ரத்தன் டாடாவே பின்னால் ஒப்புக்கொண்டார். பவர் ஸ்டியரிங் 2014இல் வந்தது, பின்கதவு திறந்தது 2015இல். அதற்குள் மலிவுக் கார் என்ற பெயர் ஒட்டிவிட்டது. 2018 ஜூனில் ஆலையில் தயாரானது ஒரே ஒரு நானோ.

ஆனால் அதே சானந்தில் 2016இலிருந்து டாடாவின் இன்னொரு சின்னக் காரான டியாகோ தயாராகிக்கொண்டிருந்தது. அதை யாரும் ஏழைகளின் கார் என்று சொல்லவில்லை. 2014 மோதல் சோதனையில் நானோவுக்குப் பூஜ்ஜியம். 2018இல் அதே கம்பெனியின் நெக்ஸான் அதே சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது, இந்தியாவில் தயாராகி இங்கேயே விற்கும் கார்களில் முதல் முறையாக. கற்றுக்கொண்டார்கள், நானோவுக்குத்தான் அது உதவவில்லை. மளிகைக்கடைக்காரரிடம் 2009இலேயே யாராவது கேட்டிருக்கலாம் என்று எனக்கு இன்னும் ஆதங்கம் உண்டு.

சரி, உன் மூன்று காரணங்களும் ரிப்போர்ட்டில் இருக்கட்டும். விலை விசாரித்துவிட்டு வாங்காமல் போனவர்களின் நம்பர் டீலர்களிடம் இருக்கும். பத்துப் பேருக்காவது நீயே போன் போடு. மேனேஜருக்குப் பிடிக்காத பதில் வந்தால் அதையும் அப்படியே எழுது. திங்கட்கிழமைதானே கொடுக்கணும்? சனிக்கிழமை ஒரு நாள் போதும்.

அன்புடன்,
அம்மா